அடகு வைத்த நகையும் திருத்தக் கொடுத்த பொருளும் திரும்பி வராவிட்டால்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் நடத்தப்பட்ட சட்ட விளக்க வகுப்பில், எமது சங்கத்தின் சட்டப் பிரிவு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை. வர முடியாத அங்கத்தவர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இங்கு தரப்படுகிறது.)



சம்பளம், பேர் வெட்டு, சேமலாப நிதி, பணிக்கொடை. சங்கக் காரியாலயத்துக்கு வழக்கமாக வரும் முறைப்பாடுகள் இவைதான். இவற்றுக்குத் தொழில் திணைக்களம் இருக்கிறது, தொழில் நியாயசபை இருக்கிறது. எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று உங்களில் பலருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் கொஞ்ச காலமாக வேறொரு வகைக் கேள்வியோடு வாசலில் வந்து நிற்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

"தாலிக்கொடிய அடகு வச்சேங்க. காசோட போனா நகை இல்லேங்கிறாங்க." "போன் திருத்தக் குடுத்து மூணு மாசமாச்சு. நாளைக்கு வா, நாளைக்கு வாங்கிறான்." "கடைக்காரரு என் பேங்க் கார்ட வாங்கி வச்சிக்கிட்டு திருப்பித் தர மாட்டேங்கிறாரு."

இவை தொழில் பிணக்குகள் அல்ல. துரையிடம் பேசித் தீர்க்கிற காரியங்களும் அல்ல. வேறு எங்கே போவது என்று தெரியாததால் சங்கத்துக்கு வருகிறார்கள். வரட்டும். ஆனால் அவர்கள் முதலில் வருவது காரியாலயத்துக்கு இல்லை, லயத்தில் பக்கத்து வீட்டில் இருக்கிற உங்களிடம்தான். அதனால் அன்றைக்கே சரியான வழியைச் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல வழக்குகள் கெட்டுப் போவது முதல் ஒரு வாரத்தில் செய்கிற காரியத்தால்.

நகையில் இருந்து தொடங்குவோம். நமக்கு வங்கிக் கணக்கில் சேமிப்பு இருக்கிறதோ இல்லையோ, பொம்பளைப் பிள்ளைகளின் கழுத்திலும் காதிலும் இருக்கிற பவுன்தான் குடும்பத்தின் சேமிப்பு. ஆஸ்பத்திரிச் செலவென்றாலும், சாமத்தியச் சடங்கென்றாலும், ஒரு சாவு வீடென்றாலும் அதுதான் கடைக்குப் போகிறது. 2022இல் ரூபா விழுந்தபோது பவுன் விலை ஒரே ஏறாய் ஏறியது. அதற்கு முன் குறைந்த தொகைக்கு அடகு வைத்தவர்களின் நகை, வாங்கிய கடனைப் போலப் பல மடங்கு பெறுமதியாகிவிட்டது. விலை ஏற ஏற, நகையைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் ஆசையும் சில இடங்களில் ஏறும். இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அடகு வைத்தால் நகை கடைக்காரனுக்குச் சொந்தமாகிவிடாது. சொந்தக்காரர் நீங்கள்தான். கடனுக்குப் பிணையாக வைத்திருக்கும் உரிமை மட்டும் அவனுக்கு. முதலும் வட்டியும் கட்டினால் அதே நகையைத் தர வேண்டும். அதே நிறையில் வேறொன்று தருகிறேன் என்றால் அது கணக்குத் தீர்ப்பாகாது. "தவணை தவறினால் நகை எனக்கு" என்று வாயால் சொன்னாலும், வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும், அப்படிப்பட்ட உடன்படிக்கையை நம் நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டம் பன்னெடுங் காலமாக ஏற்றுக்கொள்வதில்லை. தவணை தவறினால் அவன் செய்யக்கூடியது முறைப்படி விற்றுத் தன் கடனை எடுத்துக்கொள்வது. விற்ற பணத்தில் முதலும் வட்டியும் நியாயமான செலவும் போக மிச்சம் இருந்தால் அந்த மிச்சம் உங்கள் பணம். நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த மிச்சத்தைக் கேட்பதே இல்லை. "ஏலத்துல போயிருச்சு" என்று ஒரு சொல் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுகிறோம். எந்தத் திகதியில் ஏலம், எவ்வளவுக்குப் போனது, என் கணக்கில் மிச்சம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடகுக்கடை நடத்துவதற்கென்று 1942ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அடகு பிடிப்போர் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அந்தத் தொழில் செய்யக்கூடாது. அதை வழங்குவது பிரதேச செயலகம். நகை வாங்கினால் துண்டு கொடுக்க வேண்டும், கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். ஆகவே அனுமதிப்பத்திரம் உள்ள கடை என்றால் உங்கள் முறைப்பாட்டுக்குப் பிரதேச செயலகமும் ஓர் இடம். வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ வைத்த நகை என்றால் வழி வேறு. முதலில் அந்தக் கிளைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். அதற்குத் திருப்தியான பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குப் போகலாம். தொலைபேசி இலக்கம் 1935. நிதிக் குறைகேள் அதிகாரியிடமும் கட்டணம் இல்லாமல் முறைப்பாடு செய்யலாம். பெரிய பெயர்ப்பலகை போட்ட வங்கி என்றால் ஏழைப் பேச்சு எடுபடாது என்று நினைக்காதீர்கள். உண்மையில் அவர்களிடம்தான் காரியம் சுலபமாக நடக்கிறது, ஏனென்றால் அவர்களுக்கு மேலே ஒருவர் இருக்கிறார். கஷ்டம் எங்கே என்றால், டவுனில் சில்லறைக் கடையின் பின்னறையிலும் தோட்டத்துக்குள்ளேயே சில வீடுகளிலும் நடக்கிற வட்டிக் கொடுக்கல் வாங்கலில். அங்கே அனுமதிப்பத்திரமும் இல்லை, துண்டும் இல்லை. ஒரு கொப்பியில் பென்சிலால் எழுதிய பெயர் மட்டும் இருக்கும்.

துண்டு இல்லாவிட்டால் எல்லாம் போய்விட்டது என்றும் இல்லை. உடன் போனவர் சாட்சி. வட்டி கட்டிய ஒவ்வொரு முறையும் யாராவது பார்த்திருப்பார்கள். போனில் வந்த செய்தி சாட்சி. "அக்கா, உங்க சங்கிலி இருக்கு, அடுத்த மாசம் வாங்க" என்று அவர் அனுப்பிய ஒரு குரல் பதிவு போதும், நகை அவரிடம் இருந்தது என்று காட்ட. அதை அழிக்காதீர்கள். போனை மாற்றும்போதும் பத்திரமாக வையுங்கள். நகையைப் போட்டுக்கொண்டு எடுத்த கலியாணப் படமும் உதவும். வாங்கிய கடையின் பழைய பில் இருந்தால் இன்னும் நல்லது.

துண்டு இருந்து தொலைந்து போனால் உடனே கடைக்குச் சொல்லி, பொலிஸில் ஒரு முறைப்பாட்டுப் பதிவு போடுங்கள். அத்துடன் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். யாரோ அதை எடுத்துக்கொண்டு போய் நகையை மீட்டுவிடாமல் இருப்பதற்காகச் சொல்கிறோம்.

இன்னொரு சங்கதி. நகையின் சொந்தக்காரி ஒருத்தி, துண்டில் இருக்கிற பெயர் வேறொருவருடையது. நம் வீடுகளில் இது சாதாரணம். அடையாள அட்டை கைவசம் இல்லாததால் மச்சான் பெயரில் வைத்தோம், டவுனுக்குப் போகிறவர் என்பதால் பக்கத்து வீட்டு அண்ணன் பெயரில் வைத்தோம் என்பார்கள். பிறகு குடும்பத்துக்குள் ஒரு மனத்தாங்கல் வந்தால் கடைக்காரன் துண்டில் இருக்கிற பெயரைத்தான் பார்ப்பான். அதில் அவனைக் குறை சொல்லவும் முடியாது. கூடியவரை சொந்தப் பெயரில் வையுங்கள். முடியாவிட்டால் "இந்த நகை இன்னாருடையது, அவருக்காக நான் வைக்கிறேன்" என்று அந்த அண்ணனிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். சொந்தக்காரரிடம் எழுத்துக் கேட்பது வெட்கம் என்று சொல்வார்கள். வெட்கத்துக்காக இரண்டு பவுனை இழந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வைக்கும்போது எத்தனை கிராம், எத்தனை கரட், கல் பதித்ததா என்பது துண்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம். நகையைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்கும்போது கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்கேயே நிறுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து "கொழுக்கி மாறியிருக்கு, சங்கிலி இலேசா இருக்கு" என்றால் அதை நிரூபிப்பது பெரும் பாடு. வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்தால் புதிய திகதி எழுத்தில் வர வேண்டும். "நான் பாத்துக்கிறேன் அக்கா" என்ற வாய்ச்சொல்லை நம்பி வந்தவர்களின் நகைதான் அதிகமாக ஏலத்துக்குப் போயிருக்கிறது.

இப்போது, கேட்டும் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது?

முதலில் என்ன செய்யக்கூடாது என்று சொல்லிவிடுகிறோம். நாலு இளந்தாரிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கடையில் சத்தம் போடக்கூடாது. கடையில் இருக்கிற வேறு பொருளைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போதே திருட்டு, அத்துமீறல் என்று வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும். பிறகு பேச்சுவார்த்தையில் "நீயும் கேஸை வாங்கு, நானும் வாங்கிக்கிறேன்" என்று முடியும். நகை அங்கேயே இருந்துவிடும்.

செய்ய வேண்டியது ஒரு கடிதம். சட்டத்தரணிதான் எழுத வேண்டும் என்று இல்லை, தோட்டப் பாடசாலையில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை எழுதலாம். நாங்கள் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்:

"இன்ன வருடம் இன்ன திகதி, உங்கள் கடையில், இன்ன இலக்கத் துண்டின் கீழ், இத்தனை கிராம் நிறையுள்ள தங்கச் சங்கிலி ஒன்றை இத்தனை ரூபாவுக்கு அடகு வைத்தேன். இன்ன திகதி முதலும் வட்டியும் கொண்டுவந்து மீட்கக் கேட்டேன். நகை தரப்படவில்லை. இன்றும் பணம் கட்டி மீட்கத் தயாராக இருக்கிறேன். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் நகையைத் தராவிட்டால் சட்ட நடவடிக்கை எடுப்பேன்."

அவ்வளவுதான். திட்டு வேண்டாம், சாபம் வேண்டாம். ஒரு பிரதியை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் கந்தோரில் தரும் ரசீதைப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். "பணம் கட்டி மீட்கத் தயார்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பின்னால் எங்கே போனாலும் "அவர் காசே கொண்டு வரவில்லை" என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும். முடிந்தால் இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஒரு தடவை பணத்தோடு போய்க் கேளுங்கள்.

கடிதத்துக்கே பல பொருட்கள் திரும்பி வந்திருக்கின்றன. வாயால் நூறு முறை கேட்டதற்கு அசையாதவன் பதிவுத் தபால் ஒன்றுக்கு அசைகிறான். தோட்டத்து ஆள் எழுத்தில் கேட்பான் என்று அவன் எதிர்பார்ப்பதில்லை, அதுதான் காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அதற்கும் வராவிட்டால் பொலிஸ். பொலிஸில் "இது சிவில் விசயம், கோட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடுகிறார்கள் என்பது எல்லாருடைய மனக்குறை. சில சமயம் அவர்கள் சொல்வது சரி, சில சமயம் சரியில்லை. வித்தியாசத்தை நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பொருள் கடையில் இருக்கிறது, வட்டிக் கணக்கில்தான் தகராறு, அல்லது வேலை முடியவில்லை என்று இழுக்கிறான் என்றால் அது சிவில் பிணக்கு. நம்பிக் கொடுத்த பொருளை அவன் விற்றுவிட்டான், உருக்கிவிட்டான், வேறொருவருக்குக் கொடுத்துவிட்டான், அல்லது நீ கொடுக்கவே இல்லை என்று மறுக்கிறான் என்றால் அது குற்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவு பிறர் பொருளை நேர்மையற்ற முறையில் கையாடுவதைப் பற்றியது. 388, 389ஆம் பிரிவுகள் நம்பிக்கை மோசடியைப் பற்றியவை. முதலிலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு பொருளை வாங்கியிருந்தால் 398ஆம் பிரிவில் இருந்து தொடங்கும் வஞ்சித்தல் குற்றமும் இருக்கிறது. பழைய தாலியை உருக்கிப் புதிது செய்யப் பத்தரிடம் கொடுத்தோம், அவர் அந்தத் தங்கத்தை வேறு வேலைக்குப் போட்டுவிட்டார் என்றால், அதைவிட நல்ல உதாரணம் நம்பிக்கை மோசடிக்கு இல்லை. ஆகவே பொலிஸில் போய் "நகை தரலைங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நம்பிக் கொடுத்த நகையை எனக்குத் தெரியாமல் விற்றுவிட்டதாக அவரே சொன்னார், இன்னார் கேட்டுக்கொண்டிருந்தார்" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நடக்காததைச் சேர்க்கவும் வேண்டாம்.

முறைப்பாட்டைத் தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லை, சிங்களத்தில்தான் எழுதுவோம் என்றால், எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். சங்கிலி ஒன்று என்று சொன்னது மோதிரம் என்று பதிந்திருந்தால் அந்த முறைப்பாட்டை வைத்துக்கொண்டு பிறகு ஒன்றும் செய்ய முடியாது. மொழி உரிமை மறுக்கப்பட்டால் முறையிட 1956 என்ற இலக்கம் இருக்கிறது. முறைப்பாட்டின் இலக்கம், திகதி இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். பதியவே மறுத்தால் மேலதிகாரியிடமும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். அந்தக் கட்டத்தில் சங்கத்துக்குச் சொல்லுங்கள், நாங்களும் எழுதுவோம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பொலிஸார் நகையைக் கைப்பற்றினால் அது உடனே உங்கள் கைக்கு வராது. அது வழக்குப் பொருளாக நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். சொந்தக்காரர் நீதவானிடம் விண்ணப்பித்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குச் சாட்சியாகத்தான் அந்தப் படமும் பில்லும் துண்டும்.

சிவில் பிணக்கு என்றால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உண்டாக்கப்பட்ட சபை இது. பொலிஸாரும் இப்படியான பிணக்குகளைப் பெரும்பாலும் அங்கேதான் அனுப்புகிறார்கள். அப்படி அனுப்பினால் தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். சட்டம் குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த பணப் பிணக்குகளையும் பொருள் பிணக்குகளையும் முதலில் சபைக்குக் கொண்டு போகாமல் நீதிமன்றம் ஏற்காது. அங்கே சட்டத்தரணிகள் பேச முடியாது, அதனால் கடை முதலாளி பெரிய லோயரைக் கொண்டு வந்து நம்மை மிரட்டவும் முடியாது. மூன்று மத்தியஸ்தர்கள் இருந்து இரண்டு பக்கமும் கேட்பார்கள். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் சனி, ஞாயிறில் ஏதாவது ஒரு பாடசாலையில் கூடுவதால் உங்கள் பேரும் போகாது.

சபைக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. இரண்டு பேரையும் இணங்க வைப்பதுதான் அவர்கள் வேலை. அதனால் அங்கே போய் "நீங்களே பார்த்துச் சொல்லுங்கய்யா" என்று விட்டுவிடக்கூடாது. எதற்கு இணங்கலாம், எதற்கு இணங்கக்கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். நகை திரும்பி வர வழியே இல்லை என்றால் பணமாக எவ்வளவு? அடகு வைத்த நாள் விலையையா, இன்றைய விலையையா கேட்கப் போகிறீர்கள்? நாங்கள் சொல்வோம், இன்றைய விலையைக் கேளுங்கள். அதே சங்கிலியை இன்றைக்கு வாங்கப் போனால் இன்றைய விலைதானே கொடுக்க வேண்டும். தவணையில் தருகிறேன் என்றால் திகதிகளை எழுதச் சொல்லுங்கள். இணங்கிய பிறகு அவன் சொன்னபடி நடக்காவிட்டால் மறுபடியும் சபைக்கு அறிவிக்கலாம். இணக்கம் வராவிட்டாலும், அவன் சபைக்கு வராமலே இருந்துவிட்டாலும், இணக்கம் காணப்படவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வாங்காமல் வராதீர்கள். அந்தக் கடதாசி இருந்தால்தான் நீதிமன்றக் கதவு திறக்கும்.

நீதிமன்றம் என்றதும் செலவு என்று பயப்படுகிறோம். வருமானம் குறைந்தவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பல நீதிமன்றங்களை அண்டி அதன் நிலையங்கள் இயங்குகின்றன. அடையாள அட்டை, சம்பளத் துண்டு, வழக்கு சம்பந்தமான எல்லாக் கடதாசிகளையும் கொண்டு போங்கள். பொருளைத் திருப்பித் தரும்படியோ, இல்லாவிட்டால் அதன் பெறுமதியைத் தரும்படியோ வழக்குப் போடலாம். ஆனால் காலம் இருக்கிறது. காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்தில் உள்ள உடன்படிக்கைக்கு ஆறு வருடம், வாய்மொழி உடன்படிக்கைக்கு மூன்று வருடம், நட்டஈட்டு வழக்கு சிலவற்றுக்கு இரண்டே வருடம். "அவன் தருவான், தருவான்" என்று நாலு தீபாவளி பார்த்துவிட்டு வந்தால் நாங்களும் கையைப் பிசைய வேண்டியதுதான்.

திருத்தக் கொடுத்த பொருட்களைப் பற்றிக் கொஞ்சம். போன், டீவி, தையல் மெசின், பிள்ளையின் டெப். இங்கே கடைக்காரனுக்கும் ஓர் உரிமை இருக்கிறது. பேசிய திருத்தக் கூலியைக் கொடுக்கும்வரை பொருளை வைத்திருக்கலாம். அதனால் கூலி பேசாமல் பொருளைக் கொடுக்காதீர்கள். "பாத்துட்டுச் சொல்றேன்" என்றால், பார்த்துச் சொன்ன பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கடைச் சுவரில் "30 நாட்களுக்குள் எடுக்காத பொருட்களுக்கு நாம் பொறுப்பல்ல" என்று ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். தன் கவனக்குறைவால் வந்த நட்டத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வியாபாரி தன்பாட்டில் எழுதி ஒட்டித் தப்பிக்க முடியாதபடி 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் கட்டுப்பாடு போடுகிறது. அந்த நிபந்தனை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும்.

இவற்றுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடமும் போகலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், காசு வாங்கிச் செய்யும் சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. தொலைபேசி 1977. ஆனால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். நாளைக்கு வா, நாளைக்கு வா என்று இழுப்பவனுக்கு இந்த மூன்று மாதக் கணக்குத் தெரிந்திருக்கிறதோ என்று எங்களுக்கு ஒரு சந்தேகம்.

வங்கி அட்டை விசயம் வேறு மாதிரி. கடையில் கடனுக்குச் சாமான் வாங்குகிறோம், சம்பளம் வங்கிக்குப் போகிறது, கடைக்காரன் கார்டையும் இரகசிய இலக்கத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு சம்பள நாளில் தானே எடுத்துக்கொள்கிறான். எவ்வளவு எடுத்தான், எவ்வளவு கழித்தான் என்று கேட்டால் கொப்பியைக் காட்டுவான். இதில் கடைக்காரனோடு சண்டை போட்டு அந்தக் கார்டை வாங்க மெனக்கெட வேண்டாம். அடையாள அட்டையோடு வங்கிக்குப் போய், கார்ட் என் கையில் இல்லை, அதை நிறுத்துங்கள், புதியது தாருங்கள் என்று சொல்லுங்கள். பழையது அன்றோடு வெறும் பிளாஸ்டிக். கணக்குப் புத்தகத்தையும் பதிந்து வாங்குங்கள், எந்த நாளில் எவ்வளவு எடுக்கப்பட்டது என்று அதில் தெரியும். கடன் வாங்கியிருந்தால் அதைக் கட்டத்தான் வேண்டும். அது தனிக் கணக்கு, எழுதி வைத்துக் கட்டலாம். கடனுக்காகச் சம்பளக் கணக்கின் சாவியையே ஒருவரிடம் கொடுத்து வைப்பது கூடாது. சில கடைக்காரர்கள் கஷ்ட காலத்தில் நம் அடுப்பை எரிய வைத்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கூடாது.

கடைசியாகக் கடவுச்சீட்டு. வெளிநாட்டு வீட்டு வேலைக்கு என்று நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளை மனம் மாறிப் போகவில்லை என்றால், செலவுப் பணம் தந்தால்தான் பாஸ்போர்ட் என்கிறார்கள். கடவுச்சீட்டு அரசாங்கத்தின் உடைமை. உங்கள் பெயரில் இருக்கும் அதைக் கடனுக்குப் பிணையாகப் பிடித்து வைக்க எந்த முகவருக்கும் உரிமை கிடையாது. பொலிஸில் முறையிடுங்கள், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். அந்த முகவர் அனுமதிப்பத்திரம் உள்ளவரா என்பதையும் அப்போதே கேளுங்கள். வீட்டுக்கு வந்து ஆசை காட்டிப் போகிற தரகர்கள் பலரிடம் அது இருக்காது.

இவ்வளவும் கேட்டுவிட்டுச் சில தலைவர்மார் கேட்கக்கூடும்: சங்கம் நேரே போய்ப் பேசி வாங்கித் தந்தால் என்ன? பேசலாம், பேசியும் இருக்கிறோம். ஆனால் நம் பேச்சுக்குப் பின்னால் ஒரு கடதாசி இருந்தால்தான் அது பேச்சு. முறைப்பாட்டு இலக்கமும் கடிதப் பிரதியும் இல்லாமல் நாங்கள் போனால் கடைக்காரன் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவான்.

இன்று துண்டு, ரசீது, கடிதம் கொண்டு வந்திருக்கிறவர்கள் இடைவேளையில் முன் மேசைக்கு வாருங்கள். திகதிகளைப் பார்த்துச் சொல்கிறோம். தவணை இந்த மாதம் முடிகிறவர்கள் முதலில் வரட்டும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.